அடமானக் கடன் நிலுவைக் கணக்கீடு

தவணை தவறிய வீட்டுக் கடனில், குறிப்பிட்ட ஒரு தேதியன்று எவ்வளவு செலுத்தினால் கடன் முழுதும் தீரும் என்பதை அசல், வட்டி, அபராதக் கட்டணம், மீட்புச் செலவு எனப் பிரித்துக் கண்டறிவது அடமானக் கடன் நிலுவைக் கணக்கீடு எனப்படும். புனே மாவட்டத்தில், பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு உட்பட்ட தாபோடியில் அடமானம் வைக்கப்பட்ட வீட்டுக்கு, நாட்டின் பிற பகுதிகளைப் போலவே, வங்கி நீதிமன்றம் செல்லாமலேயே சொத்தைக் கைப்பற்றி ஏலம்விட வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் பொருந்தும்.

தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாகிறது. அதன்பின் வட்டியை வங்கி தன் வருமானமாகக் காட்டுவதில்லை என்றாலும், ஒப்பந்தப்படி கடன்தாரர்மீது வட்டி ஏறிக்கொண்டே இருப்பதால், கணக்கு அறிக்கையில் தெரியும் தொகையும், சொத்தைக் கைப்பற்றும் முன் வங்கி 60 நாள் கெடு தந்து அனுப்பும் நோட்டீசில் கோரப்படும் தொகையும் வேறுபடக்கூடும்.

எடுத்துக்காட்டாக, 18,00,000 ரூபாய் அசல் நிற்கும் கடனுக்கு ஆண்டு வட்டி 9% எனக் கொண்டால், ஒரு மாத வட்டி 13,500 ரூபாய். நான்கு மாதம் எதுவும் செலுத்தாத நிலையில், மாதந்தோறும் வட்டியை அசலோடு சேர்க்க ஒப்பந்தம் இடமளித்தால் நிலுவை 18,54,610 ரூபாயாகும். சேர்க்காவிடில் 18,54,000 ரூபாய்தான். முதல் தொகையின்மீது நாளொன்றுக்கு 457.30 ரூபாய் வட்டி ஏறுவதால், அந்த 60 நாள் நோட்டீஸ் கெடு முடியும்போது மேலும் 27,438 ரூபாய் கூடும்.

ஒப்பந்தத்துக்கு உட்பட்டு வட்டியை அசலோடு சேர்ப்பதை 2001இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அபராத வட்டியை அவ்வாறு சேர்ப்பதை ஏற்கவில்லை. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வெளியிட்ட விதிப்படி, தவணை தவறியதற்கான அபராதம் வட்டி விகிதத்தோடு கூட்டப்படாமல் தனிக் கட்டணமாகவே வசூலிக்கப்பட வேண்டும்; அக்கட்டணத்தின்மீது வட்டி ஏறக் கூடாது. ஆகவே பழைய கணக்குகளில் அபராதம் அசலுக்குள் கலந்துள்ளதா என்பதே கடன்தாரர் முதலில் பார்க்க வேண்டியது.

சர்ஃபேசி சட்டத்தின் 13ஆம் பிரிவு, செலுத்த வேண்டிய தொகையின் விவரம் நோட்டீசில் இடம்பெற வேண்டும் என்கிறது. மொத்தத் தொகையை மட்டும் எழுதிவிடுவது அத்தேவையை நிறைவேற்றாது. கடன்தாரர் ஆட்சேபம் எழுப்பி, வங்கி அதை ஏற்காவிடில், 15 நாள்களுக்குள் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கினால் 45 நாள்களுக்குள் புனே கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அங்கும் தோற்று மேல்முறையீடு செய்யும் கடன்தாரர் நிலுவையில் 50% முன்வைப்பாகச் செலுத்த வேண்டும், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 25% வரை குறைக்கலாம் என்பதால், கணக்கில் நேரும் பிழை நியாயம் கேட்கும் செலவையும் உயர்த்திவிடுகிறது.

ஏலத் தொகையிலிருந்து முறையான மீட்புச் செலவுகளும், பின்னர் கடனும் கழிக்கப்படும். மிச்சம் உரியவரைச் சேரும். ஏலத் தொகை போதாவிடில், எஞ்சிய கடனுக்கு வங்கி தனியே வழக்குத் தொடரலாம்.