நேத்து தாங்குச்சே, இன்னைக்கு ஏன் அறுந்துச்சு?

ஒர்க்‌ஷாப்புகளில் தலைக்கு மேலே ஓடும் கிரேனில் "எஸ்.டபிள்யூ.எல். 5 டன்" என்று பெரிசா பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, பாத்திருப்பீங்க. பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய எடை அவ்வளவுதான்னு அர்த்தம். சரி, அதுக்கு மேல தூக்கக்கூடாது, புரியுது. ஆனா 3 டன், 4 டன்னு அடக்கமா தூக்கிக்கிட்டு இருந்தாலும் செயினை அவ்வப்போது சோதிச்சே ஆகணும்னு சட்டம் போட்டாங்களே, அது எதுக்கு? நேத்து தாங்கினது இன்னைக்கும் தாங்காதா?

இந்தக் கேள்வி நம்மை ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதிக்குக் கூட்டிப் போகிறது. அங்கே கிளவுஸ்தால் என்ற ஊரில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்று ஒரு சுரங்க அதிகாரி. ஆழமான சுரங்கங்களில் இருந்து இரும்புச் சங்கிலியில் கட்டித்தான் தாதுவை மேலே இழுப்பார்கள். சங்கிலி திடீர் திடீர்னு அறுந்தது. வேடிக்கை என்னன்னா, அன்னைக்கு ஒண்ணும் கூடுதலா ஏத்தியிருக்க மாட்டாங்க. தினமும் தூக்குற அதே எடைதான்.

ஆல்பர்ட் சும்மா விடவில்லை. சங்கிலிக்குத் திரும்பத் திரும்பப் பளு கொடுத்து எடுக்க ஒரு எந்திரம் செய்து சோதித்தார். ஒரே தடவையில் உடைக்க முடியாத எடை, பல ஆயிரம் தடவை ஏறி இறங்கினால் இரும்பை உடைத்துவிடும். நாம இப்போ உலோகச் சோர்வுன்னு சொல்றோமே, அதைப் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரை 1837-ல் அவர் வெளியிட்டதுதான்.

அதற்கு முன்பே, 1834-ல், மாற்று வழியையும் கண்டுபிடித்துவிட்டார். கம்பிகளை முறுக்கி ஒரு கயிறு! நாலு நாலு கம்பியாக மூன்று புரி, எல்லாம் கையால் முறுக்கினது. இதுல என்ன விசேஷம்? சங்கிலியில் ஒரு வளையம் போனால் எல்லாமே போச்சு. கம்பிக் கயிற்றில் ஒரு கம்பி அறுந்தா மத்த கம்பிகள் தாங்கும். அறுந்த கம்பி வெளியே துருத்திக்கிட்டு நின்னு "என்னை மாத்து"ன்னு சொல்லும். யாராவது போய்ப் பார்க்கணும், அவ்வளவுதான்.

அந்தப் "போய்ப் பார்க்கணும்" என்பதுதான் பிறகு சட்டமாக வந்தது. இந்தியாவில் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தூக்கும் எந்திரம், சங்கிலி, கயிறு எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ள ஆள் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. லிஃப்டுகளுக்கு 28-ஆம் பிரிவு; அதற்கு 6 மாதம். தாங்கும் எடையை அதன் மேலேயே குறிக்கச் சொன்னதும் இந்தச் சட்டம்தான்.

சரி, சோதிச்சா போதுமா? இங்கிலாந்தின் டெர்பிஷயரில் மார்க்கம் நிலக்கரிச் சுரங்கம். 1973 ஜூலை 30. 29 தொழிலாளர்கள் கூண்டில் ஏறி வேலைக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை. கூண்டு அடியில் போய் மோதி 18 பேர் செத்துப்போனார்கள், 11 பேருக்குப் பலத்த காயம்.

விசாரித்தால், பிரேக்கில் இருந்த 2 அங்குல எஃகுத் தண்டு ஒன்று உடைந்திருந்தது. 1952-லிருந்து வேலை செய்த தண்டு. நேராக இழுபட வேண்டியது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளைந்து வளைந்து விரிசல் விட்டிருக்கிறது. ஆல்பர்ட் பார்த்த அதே சோர்வு! கண்ணால் பார்க்கிற சோதனையில் அது மாட்டவே இல்லை. அதைவிடக் கொடுமை, அந்த ஒரு தண்டு போனால் கைகொடுக்க வேறு எதுவும் கிடையாது. அத்தனை உயிரும் ஒற்றை இரும்பை நம்பி இருந்தது.

இப்போது பிரிட்டனில், 1998-ல் வந்த தூக்கு சாதன விதிகளின்படி, ஆட்களைத் தூக்கும் சாதனங்களுக்கும் ஸ்லிங் போன்ற துணைச் சாமான்களுக்கும் 6 மாதத்துக்கு ஒரு முறை சோதனை, மற்றதுக்கு 12 மாதம்.

ஆனா மாசக் கணக்கு மட்டும் காப்பாத்தாதுங்க. கீழே நின்னு அண்ணாந்து பாத்துட்டு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டா அதுக்குப் பேர் சோதனை இல்லை. "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே சார்"னு யாராச்சும் சொன்னா அதுக்காகவே சந்தேகப்படணும். இத்தனை வருஷம்கிறது தைரியம் இல்லை, அந்த இரும்பு சுமந்த கணக்கு!