வருமான வரி வழக்கும் நம் மக்களும்

"வரி கட்டுகிறவன் ஒருவன், அதில் படிக்கிறவன் வேறொருவன்" என்னும் சுடுசொல்லைக் கேளாத மாணவன் நம் சமுதாயத்தில் அரியன். உதவித்தொகைப் படிவத்துடன், வருமானச் சான்றிதழ் வேண்டிக் கவுஞ்சியிலிருந்து கொடைக்கானலுக்குச் செல்லும் நம் பிள்ளை, அச்சொல்லை எண்ணித் தலைகுனிவதை நாம் கண்டிருக்கிறோம். அச்சொல் உண்மைதானா என்று வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தனிமனிதரின் வருமானத்தின்மீது அரசு வரி விதிக்கலாமா என்னும் வழக்கு இந்நாட்டில் 1860-ஆம் ஆண்டில் பெரிதாக எழுந்தது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய செலவால் ஆங்கில அரசு கடனில் ஆழ்ந்திருந்தது. நிதியைச் சீர்செய்ய அனுப்பப்பட்ட ஜேம்ஸ் வில்சன், 1860 பிப்ரவரி 18-ஆம் நாள் கல்கத்தாவில் வருமான வரியை முன்மொழிந்தார். ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்குக் குறைந்தோருக்கு வரி இல்லை. 500 ரூபாய் வரை நூற்றுக்கு 2. அதற்குமேல் நூற்றுக்கு 4 என்பது ஏற்பாடு.

இதனை எதிர்த்த பெருங்குரல் நம் சென்னையிலிருந்தே எழுந்தது. ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன், "படைச்செலவைக் குறையுங்கள், இப்புதிய வரி மக்களின் வெறுப்பையே வளர்க்கும்" என்னும் கருத்தினர். தம் மறுப்பை நாளேடுகளிலும் வெளியிட்டார். அதன் பொருட்டு அவ்வாண்டிலேயே பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். சூலையில் வரி சட்டமாயிற்று. ஆகஸ்டில் வில்சன் நோயுற்று மறைந்தார். ஆனால் 1863-இல் டிரெவெலியனே நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். 1865-இல், அவர் காலத்திலேயே, அவ்வரி முடிவுற்றது.

சிக்கனம் வேண்டுமென்ற அவர் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வருமானத்தைக் கணக்கெடுக்க வரும் சிற்றதிகாரிகளின் கெடுபிடிக்கு மக்கள் அஞ்சியதும் உண்மையே. எனினும், இவ்வழக்கில் பேசியோர் யாவர்? ஆட்சியாளரும் வணிகரும் நிலவுடைமையாளருமே. ஆண்டுக்கு 200 ரூபாயைக் கண்ணாலும் காணாத நம் முன்னோரின் குரல் அங்கே ஒலிக்கவில்லை.

அப்படியாயின் அவர்கள் வரி செலுத்தவில்லையா? செலுத்தினார்கள். சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு அரசின் ஏகபோகம். மலைப்பாதையில் பொதியாக ஏறிவந்த உப்பில் ஒரு பிடி வாங்கிக் கஞ்சியில் இட்ட கூலியாளும் அரசுக்கு வரி செலுத்தியவனே. செல்வர் உண்ணும் உப்பும் ஏழை உண்ணும் உப்பும் ஏறத்தாழ ஓரளவே. ஆகவே கூலியில் பெரும்பங்கை இழந்தவன் ஏழையே. செல்வர்மீது விதித்த வரி ஐந்தாண்டில் நீங்கியது. உப்பு வரி நீங்க 1947 வரை காத்திருக்க நேர்ந்தது!

1886-ஆம் ஆண்டுச் சட்டம் வருமான வரியை நிலைபெறச் செய்தது. ஆனால் வேளாண் வருமானத்திற்கு விலக்களித்தது. நிலவரி ஏற்கெனவே உண்டு என்பது காரணம். 1802-இல் சென்னை மாகாணத்தில் நிலையாக வரையறுக்கப்பட்ட ஜமீன்களின் கிஸ்தியோ, வருமானம் பெருகினாலும் பெருகவில்லை. நிலமில்லாத நம்மவர்க்கு இவ்விலக்கால் பயனும் இல்லை.

இம்முரண்பாட்டைச் சட்டமன்றத்தில் எடுத்துரைத்தவர் அண்ணல் அம்பேத்கர். மாகாண நிதியைப் பற்றி 1925-இல் நூல் வெளியிட்ட பொருளாதார அறிஞர் அவர். 1927-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தின்மீது பேசுகையில், வருமான வரியில் குறைந்த வருவாயினருக்கு விலக்கு உண்டு. நிலவரியிலோ சிறு துண்டு நிலம் உடையவனும் பெருநிலக்காரனும் ஒரே முறையில் செலுத்த வேண்டியுள்ளது. விளைச்சல் பொய்த்தாலும் விடுதலை இல்லை என்று கண்டித்தார். தாங்க வல்லவன் தோளில் சுமையை ஏற்றுக என்பதே அவர் வாதத்தின் சாரம்.

பின்னர், அவர் தலைமையில் வரைவு பெற்ற அரசியலமைப்பு, வேளாண் வருமானத்தின்மீது வரி விதிக்கும் உரிமையை மாநிலங்களுக்கு வழங்கியது. சென்னை மாநிலம் 1955-இல் தோட்ட வருமானத்திற்கு வரிச் சட்டம் இயற்றியது. தேயிலை, காப்பி, ஏலம் போன்ற தோட்டங்கள் அதன்கீழ் வந்தன. நம் மலைச்சரிவுகளில் காப்பிப் பழம் பறித்த கைகளின் உழைப்பால் விளைந்த வருமானத்தில் ஒரு பங்கு, அவ்வாறு பொதுக் கருவூலத்தைச் சேர்ந்தது.

இளைஞர்களே! வருமான வரி வேண்டாம் என்போரிடம் நாம் ஒன்றே கேட்போம்: அதை நீக்கினால் அப்பணத்தை எப்பொருளின்மீது ஏற்றுவீர்? சோப்புக்கட்டியும் செருப்பும் வாங்கும் ஒவ்வொரு நாளும் நாம் வரி செலுத்துகிறோம். பூண்டு வயலில் கூலி பெறும் தாயும் வரி செலுத்துபவளே. ஆதலின் உதவித்தொகை எவரும் இடும் பிச்சையன்று. நம் முன்னோர் உப்பிலும் உழைப்பிலும் செலுத்தியதில் ஒரு சிறு பகுதி திரும்பி வருவதே. தலைநிமிர்ந்து அதைப் பெறுங்கள், கற்றுயருங்கள். நாளை வருமான வரி செலுத்தும் நிலையை அடைந்தால், முணுமுணுக்காமல் செலுத்துங்கள். அப்பணத்தில் நமக்குப் பின்வரும் ஒரு பிள்ளை படிக்கும்.