நயினாதீவுக் கல் கூறும் துறைமுக நீதி

ஊர்காவற்றுறையைக் ‘கயிற்ஸ்’ என்று வழங்குவோர் பலர். இறங்குதுறை என்னும் பொருள்பட்ட போர்த்துக்கேயச் சொல்லின் சிதைவே அது. அவர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே, ‘ஊராத்துறை’ என்னும் அதன் பழம்பெயர் தமிழ்க் கல்வெட்டொன்றில் இடம்பெற்றுவிட்டது.

அக்கல் இன்று நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ளது. 1153 முதல் 1186 வரை பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அதிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்களுக்குத் தீங்கு நேராது காக்கவேண்டும் என்பது ஆணையின் முதற்பகுதி. (பரதேசி என்றால் அன்று பிறநாட்டு வணிகர்; இரந்துண்பவர் அல்லர்.) அடுத்த பகுதியே நம் கவனத்துக்குரியது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால், நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கேற்றி வந்த மரக்கலம் உடைந்தால், சரிபாதி பண்டாரத்துக்கு, மறுபாதி உடையவனுக்கு.

இடருற்றவன் பொருளிற் பாதியைப் பறிப்பதும் ஒரு நீதியா என்று இளைஞர் கேட்கலாம். அக்காலத்துக் கரைகளின் வழக்கத்தோடு வைத்துப் பார்த்தாற்றான் விடை கிடைக்கும். காகதீய மன்னன் கணபதிதேவன் 1244இல் ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் நாட்டிய சாசனம், புயலில் உடைந்து கரையொதுங்கிய கலங்களின் சரக்கு முழுவதையும் முன்னை அரசர்கள் கவர்ந்து வந்தனர் என்கிறது; வரையறுத்த தீர்வை தவிர வேறொன்றும் கொள்ளோம் என்று அவன் உறுதியளித்தான். இங்கிலாந்திலே 1275ஆம் ஆண்டுச் சட்டம், கலத்திலிருந்து ஒரு மனிதனோ நாயோ பூனையோ உயிர்தப்பினால் அப்பொருளை ஓராண்டும் ஒருநாளும் உடையவனுக்காகப் பேணவேண்டும் என்றது. ஊராத்துறை வணிகன் பூனையின் ஆயுளை நம்பியிருக்க வேண்டியதில்லை. அவன் பங்கு கல்லிலேயே எழுதப்பட்டிருந்தது.

யானை மலிந்த ஈழத்துக்கு யானை கொண்டுவருவானேன்? தனக்கு யானை குதிரைகளில் விருப்பம் உண்டு என்று மன்னனே அக்கல்லிற் காரணம் கூறுகிறான். பர்மா நாட்டரசன் யானை வாணிபத்துக்குத் தடை விதித்ததும், பராக்கிரமபாகு அந்நாட்டின்மேற் கப்பற்படை ஏவிய காரணங்களுள் ஒன்றெனச் சூளவம்சம் சொல்கிறது. அன்றைய அரசர்க்கு யானை போர்க்கருவி என்பதை மறந்தால் இச்சலுகை விளங்காது.

அதே துறை பகைவர் ஏட்டிலும் உண்டு. இரண்டாம் இராசாதிராச சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் சாசனம், தமிழகத்தின்மேற் படையெடுக்கப் பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம், வலிகாமம் முதலிய இடங்களிற் படைகூட்டிக் கப்பல் கட்டுவித்தான் என்றும், சோழர் ஏவிய படை அங்கிருந்து யானைகளைக் கவர்ந்தது என்றும் கூறுகிறது. தீவகத்தை நாட்டின் கடைசி மூலையென எண்ணி, உத்தியோக மாற்றம் வந்தால் முகஞ்சுளிப்போர் இதனை ஒருமுறை வாசிப்பாராக. இரு பேரரசுகளின் கண்ணும் இங்கேதான் இருந்தது.

சிங்கள மன்னனின் ஆணை தமிழில் ஏன் வெட்டப்பட்டது? துறைக்கு வருவோர் படித்தறிய வேண்டுமல்லவா? இவ்வட்டாரக் கடல் வாணிபத்துக்குத் தமிழே பொதுமொழியாயிருந்தது என்பது அடியேன் துணிபு. ஈழத்தரசில் தமிழுக்கு இடமிருந்ததில்லை என்போர்க்கு இக்கல் விடை சொல்லும். வடபுலத்தில் பொலனறுவையின் ஆணை என்றுமே செல்லவில்லை என்று சாதிக்கும் நம்மவர்க்கும் அதே கல்தான் விடை சொல்லும். ஒருபக்கத்தை மட்டும் படித்து மறுபக்கத்தை மூடிவைக்கும் வழக்கம் இருசாராரிடமும் உண்டு.

பின்னாளில் போர்த்துக்கேயர் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலின் நடுவிற் கோட்டை கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் பீரங்கியால் அதன் நீர்த்தொட்டியைத் தகர்க்கவே, உள்ளிருந்தோர் தாகத்தால் அடிபணிந்தனர். ஒல்லாந்தர் கோட்டைக்கு ஹம்மன்ஹீல் என்றும், வேலணைத் தீவுக்கு லெய்டன், காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் தம் மொழிப் பெயர்களைச் சூட்டினர். அத்தீவுப் பெயர்களுள் டெல்வ்ற் ஒன்றே இன்றும் ஆங்கில வழக்கில் நிலைத்திருக்கிறது. அங்கு வாழ்வோர்க்கு அது என்றும் நெடுந்தீவுதான்.