எட்டு போட்ட கதை

நம் பக்கத்தில் யாராவது டூவீலர் லைசென்ஸ் எடுத்துவிட்டதாகச் சொன்னால் அடுத்த கேள்வி, "எட்டு போட்டியா?" என்பதுதான். சட்டப் புத்தகத்தில் அதற்கு வேறு பெயர் இருக்கலாம். ஜனங்கள் வைத்த பெயர் எட்டு.

போன மாதம் என் பேத்தி எட்டு போட்டுப் பாஸாகி வந்தாள். "தாத்தா, அரை நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. இதுக்குப் போயா இத்தனை நாளும் கதை கதையாச் சொன்னீங்க?" என்று சிரித்தாள். அவள் ஓட்டியது கியர் இல்லாத ஸ்கூட்டர். நான் போட்ட எட்டு வேறு. அதே மாதத்தில் எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தியாவுக்கு முழுமைக்குமான மோட்டார் வாகனச் சட்டம் முதலில் வந்தது 1914ல். அடுத்தது 1939ல். நாங்கள் எல்லாம் லைசென்ஸ் எடுத்தது அந்த 1939 சட்டத்தின் கீழ்தான். இப்போது இருப்பது 1988ல் இயற்றி 1989 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சட்டம். சட்டம் எத்தனை முறை மாறினாலும் எங்கள் பக்கத்துப் பொட்டலில் மாறாதது எட்டு ஒன்றுதான். வட்டம் ஒன்று இடப்பக்கம், வட்டம் ஒன்று வலப்பக்கம், நடுவில் ஒரு குறுக்கு வெட்டு. கால் தரையில் படக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவுதானா? இரண்டு சக்கர வண்டி வேகமாகப் போனால் அதுவே தன்னைச் சமாளித்துக்கொள்ளும். ஒரு பக்கம் சாய்ந்தால் முன் சக்கரம் தானாக அந்தப் பக்கம் லேசாகத் திரும்பி வண்டியை நிமிர்த்திவிடும். சக்கரம் பம்பரம் போலச் சுழல்வதால்தான் வண்டி நிற்கிறது என்று பள்ளியில் சொன்னார்கள். அது பாதிக் கதை. 2011ல் நெதர்லாந்து, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பம்பர விசையே வேலை செய்யாதபடி ஒரு சைக்கிளைச் செய்து தள்ளிவிட்டார்கள். ஆள் இல்லாமலே அது விழாமல் ஓடியது. காரணம் எதுவானாலும், வேகம் குறைந்தால் இந்தத் தானியங்கி வித்தை எல்லாம் போய்விடும். நடை வேகத்தில் வண்டியை நிமிர்த்தி வைப்பது முழுக்க முழுக்க ஓட்டுகிறவன் பொறுப்பு. எட்டு சோதிப்பது இதைத்தான்.

இந்த வித்தை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பொங்கல் விளையாட்டுப் போட்டிகளில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் பார்த்திருப்பீர்கள். கடைசியாக வருகிறவனுக்குத்தான் முதல் பரிசு. கால் ஊன்றினால் அவுட். ஊர் ஊராக வந்து பொட்டலில் நாள் கணக்காகக் கீழே இறங்காமல் சைக்கிள் சுற்றுகிறவர்களையும் மறந்திருக்க மாட்டீர்கள். குழல் விளக்கு கட்டி, ரேடியோ செட் வைத்து, சாப்பாடு, குளியல் எல்லாம் சைக்கிள் மேலேயே நடக்கும். இரவு பத்து மணிக்கு மேல் கூட்டம் கலைந்த பிறகும் அந்த ஆள் தூக்கக் கண்ணோடு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பார். சிறு வயதில் அதை வாய் பிளந்து பார்த்தேன். அவர் செய்ததும் ஒரு எட்டுதான் என்று பிற்பாடுதான் புரிந்தது.

மோட்டார் சைக்கிள் என்றால் எங்கள் காலத்தில் புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் செய்த வண்டி அது. நம் ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்காக வாங்கத் தொடங்கியதில் இங்கே காலூன்றியது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் அந்த இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் தொழிற்சாலை போட்டார்கள். முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு எல்லாம் இங்கேயே செய்தார்கள். மைசூரில் ஜாவா, பரீதாபாத்தில் ராஜ்தூத், பம்பாயில் லாம்ப்ரெட்டா, புனேயில் பஜாஜ். கடையில் போய் நாலு வண்டி பார்த்து ஒன்றை எடுத்து வரும் காலம் அல்ல அது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தவர்கள் நம்மில் பலர்.

ஒவ்வொரு வண்டியும் எட்டு போடுவதில் ஒவ்வொரு ஜாதகம். புல்லட் 160 கிலோவுக்கு மேல் கனம். ஆனால் உள்ளே கனத்த ஃப்ளைவீல் இருப்பதால் தொப் தொப் என்று மிக மெதுவாக ஓடினாலும் அணையாது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஜாவா அதற்கு நேர் எதிர். கியர் இடது கால், பிரேக் வலது கால். அதிலும் ஒரு விசேஷம், கிக்கர்தான் கியர் லீவர். கிக் அடித்துவிட்டு அதையே முன்னால் மடக்கினால் கியர் ஆகிவிடும். இன்னொரு விசேஷம், அந்த லீவரைக் காலால் அழுத்தினாலே கிளட்ச் தானாக விடுபடும். கையால் பிடிக்கவே வேண்டாம். பஜாஜ் ஸ்கூட்டரில் கியர் இடது கையில். எஞ்சின் வலப்பக்கம் இருப்பதால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிற மாதிரியே இருக்கும். சின்னச் சக்கரம் வேறு.

1976. எனக்கு 24 வயது. கூட்டுறவு வங்கியில் மேற்பார்வையாளர் வேலை. ஏழெட்டுக் கிராமச் சங்கங்களுக்குப் போய்க் கணக்குப் பார்க்க வேண்டும். பஸ் போகாத ஊர்கள். கருங்குளம் பக்கம் வாடகை சைக்கிளில் போய் வந்து தொடை புண்ணானது தனிக் கதை. வண்டி வாங்க ஆபீஸில் கடன் தருவார்கள். ஆனால் லைசென்ஸ் காட்டினால்தான். அந்த வருஷப் பட்டியலில் என் பெயர் இருந்தது. மார்ச்சுக்குள் லைசென்ஸ் இல்லையென்றால் என் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணாச்சியின் பழைய புல்லட்டில்தான் ஓட்டப் பழகினேன். எல்.எல்.ஆர். போட்டு, எல் போர்டு கட்டி, ஒரு மாதம் ஓட்டினேன். நேர் ரோட்டில் நாற்பது மைல் வேகத்தில் போவேன். நம்மை மிஞ்ச ஆள் இல்லை என்ற நினைப்பு. டெஸ்ட் அன்று காலையில் பார்த்தால் புல்லட்டின் கிளட்ச் வயர் அறுந்து கிடக்கிறது. ஆபீஸ் நண்பர் ஒருவரின் ஜாவாவை இரவல் வாங்கிக்கொண்டு போனேன்.

டெஸ்ட் எடுக்க வருகிற அதிகாரிக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் என்று பெயர். நாம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதானே சொல்வோம். வெயிலில் குடை பிடித்து நின்றிருந்தார். முதல் வட்டம் ஒழுங்காக வந்தது. குறுக்கு வெட்டில் வண்டி நிமிர்ந்து அடுத்த பக்கம் சாய வேண்டிய இடம் வந்தது. கொஞ்சம் வேகம் அதிகம் என்று தோன்றவே, புல்லட் பழக்கத்தில் இடது காலை அழுத்தினேன். அது ஜாவாவின் கியர் லீவர். கிளட்ச் விட்டுவிட்டது, சக்கரத்துக்கு இழுப்பு இல்லை, வண்டி வளைவின் உள்பக்கம் அப்படியே படுத்துவிட்டது. நானும் கூடவே படுத்தேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "தம்பி, வேகமா ஓட்டுறதுக்கு யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். மெதுவா ஓட்டிப் பழகிட்டு வாங்க" என்றார். பேப்பரில் ஒரு கோடு. அடுத்த ஆள்.

அன்று சாயங்காலம் முட்டியில் மஞ்சள் பற்று போட்டுக்கொண்டு அண்ணாச்சி கடையில் உட்கார்ந்திருந்தேன். விழுந்தது வலிக்கவில்லை. கடன் போய்விடுமே என்பதுதான் வலி. அண்ணாச்சி ஸ்லோ சைக்கிள் ரேஸில் பல வருஷம் பரிசு வாங்கியவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "ஏ தம்பி, நீ இதுவரைக்கும் வண்டி ஓட்டவே படிக்கல. வண்டி மேல உக்காந்து போகத்தான் படிச்சிருக்க" என்றார்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்குப் பொட்டலுக்கு வரச் சொன்னார். சுண்ணாம்புத் தூளால் எட்டு வரைந்து, இரண்டு வட்டத்துக்கும் நடுவில் ஆளுக்கொரு செங்கல் வைத்தார். அவர் சொல்லித் தந்தது மொத்தம் நாலே விஷயம்.

முதலாவது, கிளட்ச். முழுக்கப் பிடிக்கவும் கூடாது, முழுக்க விடவும் கூடாது. பாதி கிளட்ச்சில் வண்டி மெல்ல இழுக்கிற ஒரு இடம் இருக்கிறது. விரல் அந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே நிற்க வேண்டும். இரண்டாவது, ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் வைத்து, வேகத்தைப் பின் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே குறைக்க வேண்டும். இழுப்பும் பிடிப்பும் சேர்ந்து இருந்தால் வண்டி கயிறு கட்டின மாதிரி நிற்கும். மூன்றாவது, ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது. தொட்டால் வண்டி தரைக்குத்தான் போகும். நாலாவது, கண். "செங்கலப் பாக்காதடே. செங்கலப் பாத்தா செங்கல் மேலதான் போவ. போக வேண்டிய இடத்தப் பாரு."

இந்த நாலாவதுதான் கடினம். குறுக்கு வெட்டுக்கு வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி அடுத்த வட்டத்தின் கடைசியைப் பார்க்க வேண்டும். பயத்தில் கண் முன் சக்கரத்துக்கே ஓடும். பதினோரு நாள் ஆனது. பன்னிரண்டாம் நாள் காலை ஏதோ ஒரு சுற்றில் உடம்புக்கு அது புரிந்துவிட்டது. அதன் பிறகு இருபது சுற்று சுற்றியும் கால் கீழே வரவில்லை. அண்ணாச்சி செங்கலை எடுத்துக்கொண்டு, "போதும், டீ சாப்பிடுவோம்" என்று கிளம்பிவிட்டார்.

இரண்டாம் முறை அதே குடை, அதே வெயில். இந்த முறை புல்லட். போட்டு முடித்ததும் இன்ஸ்பெக்டர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். சின்னப் புத்தகமாக லைசென்ஸ் கைக்கு வந்தது. மார்ச் 31க்கு நாலு நாள் முன்னால் கடன் மனு கொடுத்தேன்.

பிறகு காலம் மாறியது. 1972லேயே லூனா வந்திருந்தது. 1980ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. கிளட்ச்சே கிடையாது. பால்காரர், காய்கறிக்காரர், வாத்தியார் எல்லோரும் ஏறினார்கள். 1984ல் கைனடிக் ஹோண்டா, பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். வீட்டுப் பெண்கள் தனியாக வெளியே போய்வர இந்தக் கியர் இல்லாத வண்டிகள் செய்த உதவியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1988 சட்டமும் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று லைசென்ஸைப் பிரித்துவிட்டது.

வெளிநாட்டிலும் மெதுவாக ஓட்டுவதைத்தான் சோதிக்கிறார்கள். பிரிட்டனில் 2009 முதல் நடக்கும் தேர்வில் எட்டு உண்டு. ஜப்பானில் 15 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலமே உள்ள மேடை மேல் ஓட்ட வேண்டும். பெரிய வண்டியென்றால் அதைக் கடக்கக் குறைந்தது 10 விநாடி எடுத்துக்கொள்ள வேண்டும். சீக்கிரம் போனால் மார்க் குறையும். நம்ம ஊர்ப் பொங்கல் ரேஸேதான்.

இனி அந்தப் பாடம். போன மாதம் தெருமுனையில் வண்டியைத் திருப்பினேன். நடை வேகம்கூட இல்லை. ஒரு நாய் குறுக்கே வந்தது. என் கை முன் பிரேக்கைப் பிடித்தது. அண்ணாச்சி தொடாதே என்று சொன்ன அதே பிரேக். கால் ஊன்றினேன், முழங்கால் தாங்கவில்லை. வண்டியும் நானும் கீழே. பெரிய அடி இல்லை. ஆனால் வீட்டில் இரண்டு நாள் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மகன், "அப்பா, இனிமே வண்டி வேண்டாமே" என்றான்.

"லைசென்ஸ் இருக்கு" என்றேன். இருக்கிறது. 55 வயதுக்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிறேன். டாக்டர் சர்டிபிகேட் கேட்கிறார்கள். காலாவதியாகாமல் பார்த்துக்கொண்டால் எட்டு போடச் சொல்வதில்லை. யோசித்தேன். 24 வயதில் மல்லன் மாதிரி இருந்தவனை எட்டு போடச் சொன்னார்கள். இப்போது என்னை யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காததால் நான் பாஸ் என்று ஆகிவிடுமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பேத்தியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். கோலமாவால் எட்டு வரைந்தேன். அவள்தான் பிரேக் இன்ஸ்பெக்டர். பத்துச் சுற்று. ஏழாவது சுற்றில் ஒரு முறை கால் கீழே பட்டது. "ஒண்ணு" என்று சத்தமாக எண்ணினாள்.

மகனிடம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். மாதம் ஒரு ஞாயிறு எட்டு போடுவேன். பத்துச் சுற்றில் ஒரு முறை கால் பட்டால் ஊருக்குள் மட்டும், பகலில் மட்டும், பின்னால் யாரையும் ஏற்றாமல் ஓட்டுவேன். இரண்டு முறை பட்டால் அன்றே சாவி அவன் கையில். பேத்தி சாட்சி.

என் வயதுக்காரர்கள் யாராவது இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால், ஒரு நாள் காலை காலியான இடமாகப் பார்த்து எட்டு போட்டுப் பாருங்கள். துணைக்கு ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள், எண்ணுவதற்கு. நாமே எண்ணினால் குறைத்துத்தான் எண்ணுவோம்.