ஒற்றியும் கடனட்டையும்

வட்டி கேளாத கடன் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக் தொகுத்து, 1707 இல் பன்னிரு முதலியார்கள் பரிசீலித்து ஏற்ற தேசவழமை, ஒற்றி முறையை விவரிக்கின்றது. கடன் கொடுத்தவர் காணியைத் தம் கைப்படுத்தி, வட்டிக்கு ஈடாக விளைச்சலை அனுபவிப்பார். எத்தனை போகம் அறுத்தாலும் முதல் குறைவதில்லை. மீட்பதற்கு முழுத்தொகையும் வேண்டும். இதனை வெறும் வழக்கமாகக் காணும் போக்கு நமக்கு உடன்பாடன்று. வழமையைச் சரியென ஏற்ற முதலியார்கள் காணியுடைய வர்க்கத்தினர் என்பதை மறத்தலாகாது.

இன்றைய கடனட்டையும் முதற் சில வாரங்களுக்கு வட்டி கேட்பதில்லை. எனினும் ஒவ்வொரு விற்பனையிலும் கடைக்காரருக்குச் சேரவேண்டிய பணத்தில் ஒரு வீதம் கழிக்கப்படுகின்றது. அதில் ஒரு பங்கு அட்டை வழங்கிய வங்கிக்குரியது. கடைக்காரர் அதனை விலையில் ஏற்றும்போது, அட்டையே இல்லாத தோட்டக் கூலியாளும் அதற்குப் பங்களிக்கிறார். முழுக்கடனையும் தீர்ப்பவரால் வங்கிக்கு வட்டி வருவதில்லை. ஆகக் குறைந்த தொகையை மட்டும் மாதந்தோறும் கட்டுபவரே பெருவட்டிக்கு ஊற்று. ஒற்றியில் விளைச்சல் எவர் வீடு போயிற்றென்பதை அயலார் கண்டனர். கடனட்டையிலோ அது கணக்குத்தாளின் ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. 2022 நெருக்கடியில் இலங்கை வங்கிகள் சிலவற்றில் அவ்வரி ஆண்டுக்கு 36 வீதமாயிற்று.