சைகோன் சில்லும் சவுக்குத் தோப்பும்

புதுச்சேரியின் பழைய சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்களில் வியட்நாமின் சைகோன் என்ற பெயர் இன்றும் அடிபடும். தாத்தாவோ பெரிய தாத்தாவோ பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே வேலைக்குக் கப்பலேறியிருப்பார். ஒரே கொடியின் கீழ் இருந்த இந்த இரண்டு கரைகளுக்கும் மர வழியிலும் ஓர் உறவு உண்டு. சவுக்கை பிரெஞ்சில் ‘ஃபிலாவோ’ என்பார்கள். வியட்நாம்காரர்கள் அதையே ‘ஃபி லாவ்’ ஆக்கிக்கொண்டார்கள். அங்கே அது கடற்கரை மணலைக் கட்டி நிறுத்த நட்ட மரம். சோழமண்டலக் கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகாகப் பரவிய மரம்.

இன்று இரு நாடுகளின் மரச்சில்லு வருமானத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒப்பிடவே வெட்கமாக இருக்கும். 2022இல் வியட்நாம் சுமார் 1.58 கோடி டன் சில்லு விற்று ஏறக்குறைய 280 கோடி டாலர் சம்பாதித்தது. பெரும்பகுதி சீனாவுக்குப் போனது, அடுத்து ஜப்பானுக்கு. மரத்தூளை அழுத்திச் செய்யும் எரிகுச்சிகளில், அதாவது பெல்லட்டில், இன்னும் 80 கோடி டாலரை ஒட்டி. இந்தியாவுக்கு அந்தப் பத்தியில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. கட்டை, வேர், பட்டை, சில்லு, தூள், கரி என்று எல்லாவற்றையும் நம் ஏற்றுமதிக் கொள்கை தடைப்பட்டியலில் வைத்திருக்கிறதே! கொட்டடியில் கட்டிப்போட்ட குதிரை பந்தயத்தில் தோற்றது என்று எழுதுவது என்ன கணக்கு?

விளைவிக்கும் விதத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே மலைச்சரிவில் குடும்பம் குடும்பமாக ஓரிரண்டு ஹெக்டேரில் அக்கேசியா நட்டு நாலைந்து ஆண்டில் வெட்டுகிறார்கள். இங்கே மரக்காணம் தொடங்கி விழுப்புரம், கடலூர் வரை பட்டா நிலத்தில் சவுக்கு. அதுவும் மூன்று முதல் ஐந்து ஆண்டுப் பயிர்தான். புயல் பயமும் பொது. 2011 டிசம்பர் 30 காலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறிய ‘தானே’ புயல் தோப்புகளை என்ன செய்தது என்பது இந்தப் பக்கத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெட்டிய பிறகுதான் பாதை பிரிகிறது. அங்கே தோலுரித்த கட்டை பக்கத்துச் சில்லு ஆலைக்குப் போய், குய் நோன் போன்ற துறைமுகத்தில் குவிந்து, கப்பலேறுகிறது. இங்கே நேரான மரம் சாரத்துக்கும் பந்தலுக்கும் கம்பாக விலைபோகிறது. மற்றது கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு காகித ஆலை போன்ற இடங்களுக்கு லாரியேறுகிறது. கரும்புச் சக்கையை நம்பித் தொடங்கிய ஆலை அது. இப்போது சவுக்கும் தைலமரமும் இல்லாமல் ஓடாது. ஆக, நம் சில்லு காகிதமாகி உள்ளூர்க் கணக்கில் ஏறுகிறது. சுங்கக் கணக்கை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு அது படாது.

விலையை ஒப்பிடும்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கை வகுத்தால் டன்னுக்கு 175 டாலர் சுமாராக வரும். நம் விவசாயி வாங்குவதைவிட இது எத்தனை மடங்கு என்று உடனே பெருமூச்சு விடக் கூடாது. கப்பல் வியாபாரத்தில் ஈரம் முழுக்கக் கழித்த உலர் எடைக்குத்தான் விலை. நம் தோப்பில் பச்சைக் கட்டையின் எடைக்கு. அதில் பாதிக்குக் கிட்டே தண்ணீர்தான். வெட்டிய கட்டை வெயிலில் கிடந்தால் எடை இறங்கும் என்றுதான் லாரிக்கு அவ்வளவு அவசரம். அதோடு அந்த 175 டாலர் துறைமுக விலை. வெட்டுக்கூலி, ஏற்றுகூலி, ஆலைச் செலவு எல்லாம் போகத்தான் அங்குள்ள விவசாயிக்கு.

இன்னொன்று: வியட்நாமே இந்த வருமானத்தைப் பெருமையாக நினைக்கவில்லை. 2016 தொடக்கத்திலிருந்து சில்லு ஏற்றுமதிக்கு 2 சதவீத வரி போட்டது. மரத்தை இன்னும் சில ஆண்டு நிற்கவிட்டு மேசை நாற்காலியாக விற்றால் பல மடங்கு லாபம் என்பது அரசின் எண்ணம். கடன்பட்ட குடும்பமோ நான்காம் ஆண்டிலேயே வெட்டிவிடுகிறது.

நம் தடையும் எனக்கு முழுக்க நியாயமாகப் படவில்லை. காட்டைக் காக்க வந்த விதி, காட்டு மரத்தையும் பட்டா நிலத்துச் சவுக்கையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது. வாங்க நாலு பேர் வந்தால்தானே விலை ஏறும்? அதற்காகக் கதவை முழுசாகத் திறந்தால் காகித ஆலைகள் கட்டைக்கு அலையும். வெளிநாட்டிலிருந்து சில்லைக் கப்பலில் இறக்கிய ஆலைகள் இங்கே உண்டு. பட்டா மரத்துக்கு மட்டும், ஆண்டுக்கு இவ்வளவு டன் என்று அளந்து திறக்கலாம்.

அங்கே கழிவுத் தூள் பெல்லட்டாகிறது என்றால், இங்கேயும் எதுவும் வீணாவதில்லை. நுனிக் கிளையெல்லாம் மிலார்க் கட்டாகி அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் போய்விடுகிறது. உதிர்ந்த சருகைக்கூடக் கூட்டி அள்ளிக்கொண்டு போகிறார்கள்.