பறை வெளியே, மிருதங்கம் உள்ளே

தமிழ்க் கிறிஸ்தவ வழிபாட்டு இசை பற்றி எழுதப்பட்ட வரலாறுகளைப் புரட்டினால் மிசனரிமார் பெயர் கிடைக்கும், கவிராயர்கள் பெயர் கிடைக்கும், ராகம், தாளம், பதிப்பித்த ஆண்டு எல்லாம் கிடைக்கும். யார் முன்னால் நின்று பாடினார்கள், யார் பின்னால் நின்று கேட்டார்கள், எந்த வாத்தியம் பீடத்தருகே போனது, எது வாசலோடு நிறுத்தப்பட்டது என்கிற கேள்விகள்தான் பெரும்பாலும் இருக்காது. பதினைந்து வருஷமாகக் கிராமத்துக் கோயில்களிலும் திருவிழா மேடைகளிலும் பாட்டு நடத்திவருகிறவன் நான். இந்தக் கேள்விகள் புத்தகத்திலிருந்து எனக்கு வரவில்லை. மைக்கைக் கையில் பிடித்த ஒவ்வொரு இடத்திலும் வந்தவை. அந்த இடத்திலிருந்தே இந்த வரலாற்றைத் திரும்ப வாசித்துப் பார்க்கிறேன்.

1

தஞ்சாவூரிலிருந்து தொடங்கலாம். வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வேளாளர். சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்றவர். 1800இல் பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். ஜெர்மன் மெட்டிலும் ஆங்கில மெட்டிலும் திணறிக் கொண்டிருந்த புராட்டஸ்டண்டு வழிபாட்டுக்குள் தமிழ்க் கீர்த்தனையைக் கொண்டுவந்தவர். இதை யாரும் மறுக்கமுடியாது. குறத்தியைக் கதாபாத்திரமாக வைத்துக் கிறிஸ்துவைப் பாடிய துணிச்சலையும் மறுக்கவேண்டியதில்லை.

ஆனால் 1820களின் இறுதியில் தஞ்சாவூர்ச் சபையில் ஒரு சண்டை நடக்கிறது. புதிதாக வந்த மிசனரிமார் சில காரியங்களைக் கட்டாயமாக்கப் பார்க்கிறார்கள். அதை எதிர்த்து வேளாளக் கிறிஸ்தவர் தரப்பின் குரலாகச் சாஸ்திரியார் எழுதுகிறார். அவர் கொடுமைகள் என்று அடுக்குகிறவை நான்கு. பழைய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள். கலியாணத்திலும் பண்டிகையிலும் பூ வைக்கக் கூடாது என்கிறார்கள். கோயிலில் தமிழ்க் கீர்த்தனை பாடக் கூடாது என்கிறார்கள். பறையரோடு எங்களைக் கலக்கச் சொல்கிறார்கள்.

இந்தப் பட்டியலை நாம் நிதானமாக வாசிக்கவேண்டும். பாட்டும் சாதியும் ஒரே முறையீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. சாஸ்திரியாருக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டும் தமிழ் மரபு, இரண்டும் ஆசாரம், இரண்டையும் வெள்ளைக்காரன் பறிக்கிறான். எதிர்த்தரப்பையும் பாருங்கள். சாதியைக் கைவிடு என்று சொன்ன மிசனரி, தமிழ்ப் பாட்டையும் சேர்த்துக் கைவிடச் சொன்னான். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று கண்டிப்பான உத்தரவு போட்டபோது வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

சேரியிலிருந்து வந்தவனுக்கு இந்தச் சண்டையில் என்ன கிடைத்தது? தமிழ்ப் பாட்டு வேண்டுமென்றவன் இவனைத் தள்ளி உட்காரச் சொன்னான். பக்கத்தில் உட்காரலாம் என்றவன் அந்நிய மெட்டைப் பாடச் சொன்னான். இவனுக்கென்று ஒரு பாட்டு உண்டு, ஒரு தாளம் உண்டு என்பது இரண்டு பேர் நினைப்பிலும் இல்லை. தமிழ்க் கிறிஸ்தவ இசையில் ‘சுதேசியம்’ என்பது முதல்நாளிலேயே யாருடைய சுதேசியமாக இருந்தது என்பதை இந்த ஒரு சண்டை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

2

கடைசியில் கீர்த்தனையே வென்றது. மதுரையில் அமெரிக்கன் மிசனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், சாஸ்திரியாரிடம் பாட்டுகளைக் கேட்டறிந்து 1853இல் கீர்த்தனைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன்பிறகு பாமாலை ஒரு கை, கீர்த்தனை ஒரு கை என்று சபைகள் பாடத் தொடங்கின.

தாது வருஷப் பஞ்சத்தை (1876–78) ஒட்டி ஊர்ஊராகச் சேரிகள் ஞானஸ்நானம் எடுத்தன. உபதேசியார் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொடுக்க, எழுத்து தெரியாத நம் பாட்டிமார் கீர்த்தனைகளை மனப்பாடம் பண்ணினார்கள். ராகத்தின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. தெரியாததால் இழப்பும் இல்லை. நடவுப்பாட்டின் இழுவையையும் ஒப்பாரியின் விம்மலையும் அதில் ஏற்றித் தங்கள் வாய்க்குத் தக்கபடி வளைத்துக்கொண்டார்கள். எங்க அம்மா பாடுகிற கீர்த்தனைக்கும் பட்டணத்துப் பாடகர் குழு பாடுகிற அதே கீர்த்தனைக்கும் மெட்டு ஒத்துப்போகாது. ‘தப்பாப் பாடுதுங்க’ என்பார்கள் படித்தவர்கள். தப்பு அல்ல அது. வாங்கியதைத் தனதாக்கிக்கொள்கிற மக்கள் கலையின் இயல்பு.

பாட்டு இப்படி வளைந்துகொடுத்தது. வாத்தியம் வளைந்துகொடுக்கவில்லை. ஆர்மோனியம், வயலின், மிருதங்கம், தபலா எல்லாம் உள்ளே வந்தன. பறை வரவில்லை. அது சாவுக்கு அடிக்கிறது, பேய்க்கொடைக்கு அடிக்கிறது, தீட்டு என்றார்கள். மிசனரிக்கு அது அஞ்ஞானம், சாதிக் கிறிஸ்தவனுக்கு அது அருவருப்பு.

தோல்தான் தீட்டு என்றால் மிருதங்கம் எதில் செய்தது? மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் அதில் உண்டு. செய்கிறவர் யார்? தஞ்சாவூரில் தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்துவந்தவர்களில் பேர்பெற்ற செவிட்டியான் குடும்பத்தார் தலித் கிறிஸ்தவர்கள். செபஸ்தியான் என்கிற புனிதர் பெயர்தான் செவிட்டியான் என்று மருவியது. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்கு நாதம் கண்டுபிடித்துக் கொடுத்த பர்லாந்து இந்தக் குடும்பத்தவர். இவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடம் தருவதாகச் சொல்லியிருந்த கலாக்ஷேத்ரா பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆக, தலித் கிறிஸ்தவன் உரித்துப் பதப்படுத்தி இழுத்துக் கட்டிய தோல் பார்ப்பனர் மடியில் ஏறும்போது நாதம். அதே கை கட்டிய தோல் அவனுடைய தோளிலேயே தொங்கினால் தீட்டு. தோலில் இல்லை தீட்டு, அடிக்கிற கையில் ஏற்றப்பட்டிருக்கிறது. 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவனான தலித் பட்டியல் சாதி ஆகமாட்டான். சர்க்கார் பதிவேட்டில் அவனுக்குச் சாதி போய்விட்டது. ஊர்ச் சாவுக்கு மேளம் அடிக்கக் கூப்பிடுகிறவனுக்கு மட்டும் அது மறக்கவே இல்லை.

3

கத்தோலிக்கத் தரப்பில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. மக்கள் மொழிக்கும் அந்தந்த மண்ணின் இசைக்கும் கதவு திறந்தது. 1967இல் பெங்களூரில் தேசிய மையம் ஒன்று உருவாகி, அமலோர்பவதாஸ் அடிகள் தலைமையில் ‘பண்பாட்டுமயமாக்கல்’ மும்முரமாக நடந்தது. குத்துவிளக்கு வந்தது, ஆரத்தி வந்தது, பஜனை வந்தது, சமஸ்கிருத மந்திரங்கள்கூட வந்தன. சேரியிலிருந்து எதுவும் வரவில்லை. இந்தியப் பண்பாடு என்றால் பார்ப்பனப் பண்பாடு என்று அவர்கள் எடுத்துக்கொண்டதை 1980களில் எழுந்த தலித் இறையியல் சரியாகவே பிடித்துக் கேட்டது.

கோயிலுக்குள் என்ன இசை என்று அறிஞர்கள் ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், பாடகர் குழுவில் இடமில்லை, வாசகம் வாசிக்க விடுவதில்லை, பீடச்சிறுவனாக நிற்க விடுவதில்லை, தேர் எங்கள் தெருவுக்கு வருவதில்லை, கல்லறைத் தோட்டத்தில் சுவர் என்று தலித் கிறிஸ்தவர் இயக்கங்கள் திரும்பத் திரும்பப் பட்டியல் கொடுத்துக்கொண்டிருந்தன. விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். திருவிழாவில் பாட்டு, மேளம், தேர் என்பதெல்லாம் பக்தி சமாச்சாரம் மட்டும் என்று நினைக்கிறவர்கள் எறையூரை நினைத்துக்கொள்ளவேண்டும்.

4

இந்த வரலாற்றில் ஒரு பெரிய உடைப்பை ஏற்படுத்தியவர் ‘பறட்டை’ என்ற பெயரில் பாட்டெழுதிய தியாபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆசிரியர். மேற்கத்திய இசையும் தெரியும், கர்நாடக இசையும் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு நாட்டுப்புற மெட்டில், பேச்சுத்தமிழில், பறையோடு சேர்த்து ஒரு முழு வழிபாட்டு முறையையே இசையாக அமைத்தார். கடவுளை ‘பிதாவே’ என்று கூப்பிடாமல் ‘பெத்தவரே’ என்றார். அந்த ஒரு சொல்லில் ஆண் பெண் இரண்டும் அடங்கிவிடும். நற்கருணைக்கு அவர் சொன்ன விளக்கம் ‘ஒரே உலை’. ஒரு பானையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து தின்பது. சேர்ந்து சாப்பிட மாட்டேன் என்று தஞ்சாவூரில் எழுந்த குரலுக்கு ஏறக்குறைய 160 வருஷம் கழித்து வந்த பதில் இது என்று நான் வாசிக்கிறேன்.

நாட்டுப்புற மெட்டை அவர் எடுத்தது அழகுக்காக அல்ல. அதற்கு அவர் சொன்ன காரணத்தைப் பாட்டு நடத்துகிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்கவேண்டும். பாமாலை நோட்டில் அடைபட்டது, கீர்த்தனை ராக லட்சணத்தில் அடைபட்டது. இரண்டையும் மாற்றினால் தப்பு என்பார்கள். நாட்டுப்புறப் பாட்டை எவரும் எடுக்கலாம், தங்கள் ஊர் சங்கதியைச் சேர்க்கலாம், பிடிக்காததை விடலாம். மாற்ற முடிகிற பாட்டுதான் மக்களை அதிகாரம் உள்ளவர்களாக்கும் என்பது அவர் கட்சி. அதே 1990களில் மதுரையில் தலித் கலைவிழாக்களில் பறை மேடையேறியது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் கன்னியாஸ்திரி சந்திராவின் முயற்சியில் தலித் பெண்களே பறையைத் தோளில் மாட்டினார்கள்.

இதற்கு நம்மிடமிருந்தே எதிர்ப்பு வந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஒரு கிராமத்தில் பாட்டுப் பழக்கப் போயிருந்தபோது பெரியவர் ஒருவர் கேட்டார்: “செத்த மாடு தூக்குறது, சாவுக்கு மேளம் அடிக்கிறது ரெண்டையும் அடிபட்டு ஒதபட்டு விட்டுட்டு வந்தோம் தம்பி. விட்டத நீ கோயிலுக்குள்ள கொண்டாந்து எங்க பிள்ளைங்க கையில குடுக்கறியே, நாயமா?” இந்தக் கேள்விக்கு முன்னால் ‘பண்பாட்டு மீட்பு’ என்று லேசாகப் பேசிவிட்டு நகர முடியாது. பறையை மறுத்ததும் கலகம், எடுத்ததும் கலகம். ஊரான் கூப்பிட்டுக் கூலிக்கு அடிப்பதை மறுக்கிற உரிமை இருந்தால்தான் நாமாக நமக்கு அடிக்கிறதுக்கு அர்த்தம். அவரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் பேத்தி அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் வாங்கிக்கொண்டாள்.

5

இனி இன்றைய நிலை. 1990களில் ஒலிநாடா வழியாகப் புதிய துதிப்பாடல்கள் பரவின. பெர்க்மான்ஸ் அடிகளின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ ஒலிக்காத கிறிஸ்தவத் தெரு இல்லை என்றே சொல்லலாம். கீபோர்டும் கிதாரும் டிரம்செட்டும் வந்தன. பாடகர் குழுத் தலைவர் போய் ‘ஒர்ஷிப் லீடர்’ வந்தார். பெந்தெகொஸ்தே சபைகளைப் பார்த்து மற்ற சபைகளும் அரைமணி நேரம் நின்றுகொண்டு கைதட்டிப் பாடுகிற ஆராதனைக்கு இடம் கொடுத்தன.

இதைக் கேலி பண்ணி ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆர்கன் பழக வெள்ளைக்காரி வீட்டுப் பழக்கம் வேண்டியிருந்தது, கர்நாடகம் பழக அக்கிரகாரத்துப் பழக்கம் வேண்டியிருந்தது. கீபோர்டு பழக அப்படி ஒன்றும் வேண்டாம். நம் பிள்ளைகள் கடன் வாங்கிக் கீபோர்டு வாங்கித் தாங்களே பழகி முன்னால் வந்து நிற்கிறார்கள். மைக் கைமாறியிருக்கிறது. இது சின்ன விசயம் அல்ல.

ஆனால் கைமாறிய மைக்கில் என்ன வருகிறது? புதிய பாடல்களில் பெரும்பாலானவை ‘நான்–நீர்’ பாடல்கள். என் கண்ணீர், என் கடன், என் வியாதி, என் ஆசீர்வாதம். தமிழில் ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் இரண்டு சொல் இருக்கிறது. இரண்டும் அருகிவிட்டன. ஊர்க்குழாயில் தண்ணி பிடிக்க முடியாதவனின் துக்கமும் பரீட்சை பயமும் ஒரே ‘என் கஷ்டம்’ ஆகிவிடுகிறது. இன்னொன்று, பாட்டு பதிவான மாதிரியே, அதே ஸ்கேலில், அதே இடையிசையோடு பாடவேண்டியிருக்கிறது. திரையில் வரி ஓடுகிறது, சபை பார்த்துப் பாடுகிறது. ஆண் பாடகர் பதிவுபண்ணிய சுருதியில் நம் பெண்கள் பாதிப்பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். பாமாலையை நோட்டு பூட்டியது, இதை ஒலிப்பதிவு பூட்டியிருக்கிறது.

பறை? ஒரு பட்டணத்துக் கோயிலில் வாலிபர் பண்டிகைக்குப் பாட்டு நடத்தப் போனேன். பீடத்துக்கு இடது பக்கம் கண்ணாடித் தடுப்புக்குள் பெரிய டிரம்செட். எங்கள் பிள்ளைகள் வெளியே சருகு கூட்டிப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நிர்வாகத்தில் ஒருவர் மெதுவாக வந்து, “பாட்டு நல்லா நடத்துங்க பிரதர். அது மட்டும் வாசலோட இருக்கட்டும். பெரியவங்க சங்கடப்படுவாங்க” என்றார். சத்தம் அதிகம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கண்ணாடிக்குள் இருந்த டிரம்செட்டைக் காட்டியிருப்பேன். நாங்கள் வாசலில் நின்றே அடித்தோம். உள்ளே இருந்த வாலிபர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

6

எனவே இந்த இசை வேண்டுமா, அந்த இசை வேண்டுமா என்கிற விவாதத்தில் நாம் சிக்கிக்கொள்ளத் தேவையில்லை. கீபோர்டையும் பறையையும் நான் ஒன்றாகவே பயன்படுத்துகிறேன். முதல் பாட்டுக்கு முன்னால் பெண்களைப் பாடச்சொல்லிக் கேட்டு அவர்கள் குரலுக்குக் கீபோர்டின் சுருதியை இறக்கச்சொல்கிறேன். தாளத்தைப் பறைக்கு விட்டுவிடுகிறேன். திரையை அணைத்துவிட்டு ஒரு அடியை நான் பாட, அடுத்த அடியை அவர்கள் ஊர் சங்கதியை வைத்துக் கட்டச்சொல்கிறேன். முதலில் வெட்கப்படுவார்கள். ரேசன்கடையைப் பற்றியோ சுடுகாட்டுப் பாதையைப் பற்றியோ ஒரு கிழவி ஒரு அடி எடுத்துவிட்டால் அப்புறம் நிறுத்த முடியாது.

ஒவ்வொரு சபையிலும் நாம் கேட்கவேண்டியவை இவைதான். பாட்டைத் தேர்ந்தெடுக்கிற கமிட்டியில் சேரியிலிருந்து யார்? திருவிழா மேளத்துக்குக் கூலி கொடுத்து வெளியே நிறுத்தப்படுகிறவன் யார், சம்பாவனை கொடுத்து மேடையில் உட்காரவைக்கப்படுகிறவன் யார்? தேரோடு பாட்டு எந்தத் தெரு வரைக்கும் வருகிறது? தஞ்சாவூரில் பாட்டையும் சாதியையும் ஒரே தாளில் எழுதிக் காப்பாற்றக் கேட்டார்கள். இரண்டையும் பிரித்தெடுக்கிற வேலை இன்னும் முடியவில்லை. அதைப் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று பாட்டு நடத்துகிற நம் பிள்ளைகள்தான் செய்தாகவேண்டும்.